மூலம் தேடப்படுகிறது

முதலில் சத்தம்தான் வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் காம்பவுண்டுக்குள் எங்கிருந்தோ உஸ்ஸென்று ஒரு இரைச்சல் கிளம்பி, ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக வந்துகொண்டிருக்க, கொசுமருந்து வண்டிதான் சந்துக்குள் நுழைந்துவிட்டது என்று எல்லா வீட்டிலும் குடத்தை மூடினார்கள், சந்தனமேரியக்கா கொடியில் கிடந்த துணியை வாரிச் சுருட்டினார், காது மந்தமான அவர் வீட்டுக்காரர் அருளப்பன் எதற்கென்று தெரியாமலே எல்லோரையும் பார்த்துத் தானும் மூக்கைப் பொத்திக்கொண்டார், ராத்திரியெல்லாம் நூல் குடோனைக் காவல் காத்துவிட்டுப் பகலில் வராத தூக்கத்தோடு மல்லுக்கட்டிக் கிடந்த நானும் எழுந்து சன்னலைச் சாத்தினேன். புகையும் வரவில்லை, மருந்து வாடையும் வரவில்லை. வெகுநேரம் கழித்துக் கதவை விலக்கிப் பார்த்தால், காம்பவுண்டின் கோடியில் நிற்கிற கல்யாண மண்டபத்துப் பின்சுவரில், சுண்ணாம்பு அடித்த அந்த உயரமான சுவரில், ஒரு லாரியை நிறுத்தலாம் போல அகலமாக நீல வெளிச்சம் விழுந்து கிடந்தது.

ஆவுடைநாதன் புரொஜெக்டர் வாங்கி வந்திருந்தார். மூடிப்போன ஒரு டியூசன் சென்டரில் இருந்து தூக்கி வந்தது. அவர் வீட்டுக்குள் சாமி படமும் ஷெல்ஃபும் போக வெறும் சுவர் என்று ஒரு சாண்கூட இல்லாததால், தங்கச்சி மரகதத்தின் தையல் மேசையை வாசலுக்கு இழுத்துப் போட்டு அதன்மேல் மிஷினை வைத்து, பழைய லேப்டாப்பு, சிடி பிளேயர், கேபிள் டப்பா, மச்சினன் கொடுத்த கல்யாண வீடியோ கேமரா என்று வீட்டில் இருந்த ஒவ்வொன்றையும் கொண்டுவந்து சொருகிப் பார்த்தார். லேப்டாப்பைச் சொருகினால் அதில் ஓடுகிற படம் அதிலேயே ஓடியது, சுவரில் வெறுமனே ஒரு மலையும் புல்லும் வந்து நின்றன. சிடி பிளேயரைச் சொருகினால் மஞ்சள் ஒயரைச் சிவப்பு ஓட்டையில் குத்திவிட்டாரோ என்னவோ, ஆட்கள் இல்லாமல் சத்தம் மட்டும் வந்தது. கேபிள் டப்பாவுக்கு அந்தச் சத்தமும் இல்லை. கேமராவைச் சொருகியபோது மச்சினன் கல்யாணம் தலைகீழாக வந்து, மாப்பிள்ளை பொண்ணு எல்லோரும் வௌவால் மாதிரி தொங்கி அட்சதை வாங்கிக்கொண்டு, கண்மூடித் திறப்பதற்குள் மறைந்தும் போனார்கள். மிஷினுக்குள் எழுத்தெல்லாம் சீனத்தில் இருந்தது. ரிமோட்டை அமுக்கி அமுக்கி எந்தெந்தப் பாஷைக்கோ போய்ச் சுற்றி, கடைசியில் தமிழுக்கு வந்து சேர்ந்தார். எந்தப் புண்ணியவான் மொழிபெயர்த்தாரோ, சுவர் முழுக்க ஆளுயர எழுத்தில் வந்தது:

மூலம் தேடப்படுகிறது.

கொஞ்சம் பொறுத்து: மூலம் இல்லை. திரும்பவும்: மூலம் தேடப்படுகிறது.

"ஆவுடை, உன் மிஷினு என்னத்தப்பா தேடுது?" என்றார் சந்தனமேரியக்கா.

"மூலமாம்க்கா. எதுல இருந்து படம் வருதோ அத அப்பிடிச் சொல்றான் போல."

"அதப் போயி யாராச்சும் தேடுவாகளா? வந்தவுக அது போகணும்னுல்ல வைத்தியர் வீடு தேடி அலையுறாக."

காம்பவுண்டே சிரித்தது. ஆவுடை பொண்டாட்டி லோகாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "நிறுத்துங்க அந்தச் சனியன. வேற எழுத்தே கிடைக்கலையா அதுக்கு" என்றாள். அவள் கோபத்துக்குக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். மரகதம் மூல நட்சத்திரம். மூலத்துப் பெண் கால் வைத்தால் மாமனார் தங்கமாட்டார் என்று, வந்த வரன் எல்லாம் நட்சத்திரத்தைக் கேட்ட கையோடு காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போயின. மாமனார் இல்லாத வீடாகத் தேடியதில் அவளுக்கு முன்தலை நரைத்துவிட்டது. இப்போது மேலூரில் இருந்து, லேத்துப் பட்டறை வைத்திருக்கும் தங்கமாயன் என்று ஒருத்தர், பொண்டாட்டி இறந்தவர், பிள்ளை இல்லை, கேட்டு வந்திருந்தார். அவருக்கு அப்பா இருந்தார், அதுவும் நல்ல திடமாக இருந்தார். லோகாம்பாள் யோசித்தாள். கேட்டை என்று சொன்னால் மாப்பிள்ளைக்கு மூத்தவருக்கு ஆகாது, பூராடம் என்றால் தாலிக்கு ஆகாது, அதனால் துணிந்து உத்திராடம் என்று சொல்லிவிட்டாள். ஜாதகம் மழைவெள்ளத்தில் போய்விட்டது என்றும் சேர்த்துச் சொன்னாள். வெள்ளம் வந்தது நிஜம்தான்.

அப்போது மரகதம் உள்ளேயிருந்து வந்தாள். மேசை வேண்டுமாம், சேலைக்கு ஃபால்ஸ் தைத்து வாங்கிப் போக ஆள் வந்து நிற்குமாம். "எடுத்துக்கவாண்ணே?" என்றபடியே, எதிலும் சொருகாமல் தரையில் கிடந்த ஒயரின் முனையைச் சுற்றி வைக்கலாம் என்று கையில் எடுத்தாள்.

சுவரில் எழுத்து மாறியது. மூலம் கிடைத்தது.

அதற்கப்புறம் படம் வந்தது. பஸ் சன்னல். கீழே குறுக்காக இரண்டு கம்பி, அதற்கு வெளியே ஓடுகிற ரோடு, புளியமரம், செங்கல் சூளை, வெயிலில் காய்கிற மிளகாய், ஒரு பாலம், பாலத்துக்கடியில் தண்ணீர், டீக்கடையில் கிளாஸைத் தூக்கியபடியே திரும்பிப் பார்க்கிற ஒருத்தர், திரும்பவும் மரம், திரும்பவும் ரோடு. மரகதம் பயந்து ஒயரைப் போட்டாள். மூலம் இல்லை என்று வந்தது. எடுத்தாள். பஸ் அதற்குள் இன்னொரு ஊரைத் தாண்டியிருந்தது.

யாரும் கத்தவில்லை. அருளப்பன்தான் தன் குரல் தனக்கே கேட்காதவர் பேசுகிற சத்தத்தில், "பரவால்லையே, நல்லா தெளிவா விழுகுதே" என்றார். மரகதத்திடமிருந்து அந்த ஒயரை நான் வாங்கிப் பிடித்துப் பார்த்தேன், சந்தனமேரியக்கா பிடித்துப் பார்த்தார், லோகாம்பாளைக்கூடப் பிடிக்க வைத்தோம். நட்சத்திரத்தில் நான் சுவாதி, லோகாம்பாள் ரோகிணி, ஒன்றும் வரவில்லை. சந்தனமேரியக்கா, "எங்களுக்கெல்லாம் நட்சத்திரம்னா ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் டிசம்பர் மாசம் வாசல்ல கட்டித் தொங்கவிடறது" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

இப்படித்தான் அது எங்கள் பொழுதாயிற்று. விளக்கு வைத்ததும் மரகதம் மேசையோரம் உட்கார்ந்து ஒயரைப் பிடிப்பாள், நாங்கள் சுவருக்கு எதிரே பாய் விரித்து உட்காருவோம், முதலில் கண்டபடி உட்கார்ந்தவர்கள் போகப்போக யாரும் சொல்லாமலே இந்தப்பக்கம் மூன்று பேர் அந்தப்பக்கம் இரண்டு பேர் என்று வரிசையாகி, நடுவில் நடக்க வழி விட்டு, இடதுபக்கம் லேடீஸ் என்றாகி, சுவரோரம் யார் உட்காருவது என்று சண்டை போட்டு, வளைவு வந்தால் எல்லோரும் சேர்ந்து ஒருபக்கமாகச் சாய்ந்து, மேடு பள்ளத்தில் குலுங்கி, மலைப்பாதை வந்த நாளில் நாலு பேர் வாந்தியெடுத்து, மறுநாளிலிருந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி பயணம் செய்தோம். அது எந்த ரோடு என்று தெரியவில்லை. தேனிப்பக்கம் என்பார் ஒருவர், தென்னையைப் பார்த்தா கொல்லம் போற வழி என்பார் இன்னொருவர், ஊர்ப்பலகை வரும்போது எல்லோரும் எக்கிப் பார்ப்பதற்குள் அது போய்விடும். பஸ் எங்கும் நிற்கவில்லை. யார் ஓட்டுகிறார்கள், பக்கத்தில் யார் என்று எதுவும் காட்டவில்லை. அருளப்பன் தினமும் ஒரு மஞ்சள் பையில் துண்டும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார். எங்கே போகிறீர்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் மறுவாரம் எல்லோர் மடியிலும் ஒரு பை இருந்தது.

போகப்போக யாருக்கும் கால் தரையில் தரிக்கவில்லை. அடுப்பில் உலையை வைத்துவிட்டுத் தெருமுனை வரைக்கும் நடந்து, ஏன் வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தார்கள். ஒருத்தர் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கே போய், எல்லாப் பலகையையும் வாசித்துவிட்டு, எதிலும் ஏறாமல், அழுதுகொண்டு வந்தார். எனக்குக் குடோன் வாசலில் ஸ்டூல் ஓடுவது போலவே இருந்தது.

மரகதம் மட்டும் வளைவில் சாய்வதில்லை. ஒயரை இடது கையில் பிடித்தபடி உதட்டை லேசாகத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "கை மரத்துப்போச்சுக்கா" என்பாள் சிலநேரம். "இந்தப் பாலம் மட்டும் தாண்டட்டும்டி" என்று சந்தனமேரியக்கா டீயைக் கொண்டுபோய் அவள் வாயில் வைப்பார். தைக்காத சேலைகள் உள்ளே குவிந்தன. ஒருநாள் நான் கேட்டேன்.

"எங்கம்மா போகுது இது?"

"தெரியலண்ணே" என்றாள். "ஆனா சீட்டு கிடைச்சிருக்குல்ல."

பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை நெருங்கியது. லோகாம்பாள் வீடு வீடாக வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு நாள். அந்த வார்த்தைய மட்டும் யாரும் சொல்லிராதீங்க. அவளுக்கு இதுதான் கடைசி பஸ்ஸு." சொன்ன பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாங்கள் சத்தியம் செய்தோம். புரொஜெக்டர் மேல் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடினோம். அருளப்பனிடம் மட்டும் சொல்லாமல், ஒவ்வொருவரும் அடுத்தவர் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டோம்.

மேலூர்க்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை தங்கமாயன், எண்ணெய்க்கறை போகாத நகமும் புதுச்சட்டையுமாக, பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார். அவர் அக்கா பஞ்சவர்ணம். அப்பா சொக்கையா, வெற்றிலைப் பெட்டியும் விபூதியுமாக, உட்கார்ந்த நாற்காலி நிறைய இருந்தார். வாசலிலேயே நாற்காலி போட்டிருந்தது. கேசரி வந்தது. பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மஞ்சள் பையோடு அருளப்பன் வந்து, சுவரைப் பார்த்து, எங்களைப் பார்த்து, காம்பவுண்டு அதிரக் கேட்டார்.

"என்னப்பா, இன்னைக்கு மூலம் வரலையா?"

கேசரிக் கரண்டிகள் நின்றன. பஞ்சவர்ணம் நிமிர்ந்தாள். "மூலமா? யாருக்கு மூலம்?"

லோகாம்பாள் முகம் சாம்பலாகியது. "எனக்குத்தாங்க" என்றேன் நான்.

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சொக்கையாவுக்கு உடனே இரக்கம் வந்துவிட்டது. "உக்காந்தே பாக்குற வேலையோ?"

"வாட்ச்மேனுங்க."

"அதான். உள்மூலமா வெளிமூலமா?"

"ரெண்டும்ங்க."

"அட பாவமே. கருணைக்கிழங்கப் புளி ஊத்தி வேகவச்சுத் தின்னுங்க, ஒரு மண்டலம். மொளகாயக் கண்ணுல பாக்கக்கூடாது. இவனுக்கும் இருந்துச்சு" என்று மாப்பிள்ளையைக் காட்டினார். தங்கமாயன் தலையைக் குனிந்துகொண்டார். சந்தனமேரியக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு திரும்பி நின்றார். ஆபத்து தாண்டிவிட்டது என்றுதான் நினைத்தோம். அருளப்பன் விடவில்லை.

"மரகதம் எங்க? ஒயரப் பிடிக்கச் சொல்லுங்கப்பா, நேரமாச்சு!"

மரகதம் காப்பித் தட்டோடு நிலைவாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. தட்டைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள், கொடுத்து முடித்துத் தட்டைக் கீழே வைத்தாள்.

"மூலம் இந்த வாட்ச்மேன் அண்ணனுக்கு இல்லங்க" என்றாள். "எனக்கு. நட்சத்திரம். உத்திராடம்னு சொன்னது பொய்."

லோகாம்பாள் "அடியேய்" என்றாள். மரகதம் போய்ப் பெட்ஷீட்டை உருவினாள், சுவிட்சைப் போட்டாள், இரைச்சல் கிளம்பியது, ஒயரைப் பிடித்தாள். ஆளுயர எழுத்து வந்தது, வாசித்தார்கள். பிறகு சன்னல் வந்தது. வயல், வாய்க்கால், குடையோடு போகிற ஒரு பெண், மரம், மரம், மரம்.

பஞ்சவர்ணம் எழுந்துவிட்டாள். "அப்பா, எந்திரிங்க. ஏமாத்துக் குடும்பம். ஒரு நிமிசம் இங்க இருக்கக்கூடாது நீங்க." சொக்கையா எழுந்தார். எழுந்தவர் வாசலுக்குப் போகாமல், காப்பி டம்ளரோடு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு சுவரோரம் போனார். "இரும்மா" என்றார். "அடுத்த ஸ்டாப்பு வரட்டும்."

"ஸ்டாப்பு வராதுங்க" என்றேன்.

"வராம எங்க போகும்."

அவர் உட்கார்ந்தார். எங்களுக்கும் வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை நின்றார். பஞ்சவர்ணம் வாசலுக்கும் சுவருக்குமாக நடந்தாள். பஸ் ஒரு நீளமான கண்மாய்க்கரையில் போனது, தண்ணீர் மேல் வெயில் விழுந்து ஓடியது, அதிலேயே எல்லோர் கண்ணும் இழுபட்டுப் போக, ஒரு திருப்பத்தில் நாங்கள் எல்லோரும் சாய்ந்தோம், சொக்கையாவும் சாய்ந்தார், நாங்கள் நிமிர்ந்தோம், அவர் நிமிரவில்லை. டம்ளர் கையிலிருந்து நழுவி உருண்டது. தலை மார்பில் விழுந்து கிடந்தது.

"அப்பா!" என்று பஞ்சவர்ணம் போட்ட சத்தத்தில் மண்டபத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன. யாரும் அசையவில்லை. தங்கமாயன் அப்பாவிடம் ஓடவில்லை. திரும்பி மரகதத்தைப் பார்த்தார். அதிக நேரம் இல்லை, மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். ஆனால் அந்தப் பார்வையை எல்லோரும் பார்த்தோம். மரகதமும் பார்த்தாள்.

பஞ்சவர்ணம் போய் உலுக்கினாள். கிழவர் கண்ணைத் திறந்து, வாயோரத்தைத் துடைத்து, சுற்றிலும் பார்த்தார்.

"ஊர் வந்துருச்சா?"

தூங்கியிருக்கிறார். பஸ்ஸில் காற்று முகத்தில் அடித்தால் யாரும் தூங்குவதுபோலத் தூங்கியிருக்கிறார். காம்பவுண்டு வெடித்துச் சிரித்தது, லோகாம்பாள் அழுதுகொண்டே சிரித்தாள், பஞ்சவர்ணம் அப்பா கன்னத்தைத் தடவித் தடவி அவளும் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்ததில் அவளுக்கு மனசு இளகிவிட்டது. மூலத்துக்கு எதிரே இவ்வளவு நேரம் உட்கார்ந்து ஒன்றும் ஆகவில்லையே, சொன்ன பொய்யை மன்னித்துவிடலாம், பொண்ணு நேர்மையானவ, ஒரு ஹோமம் பண்ணிட்டா மிச்சமும் சரியாப்போகும், என்னடா தம்பி சொல்ற என்றாள். தங்கமாயன் "எனக்குச் சம்மதம்தான்க்கா" என்றார். லோகாம்பாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள்.

மரகதம் ஒயரை விடவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு வேணாங்க."

"ஏன்மா?" என்றாள் பஞ்சவர்ணம்.

மரகதம் தங்கமாயன் பக்கம் திரும்பினாள். "நீங்க நல்லவராத்தான் தெரியுறீங்க. ஆனா அப்பா சாஞ்சப்ப என்னையப் பாத்தீங்கல்ல."

"நான் ஒண்ணும் சொல்லலையேங்க."

"சொல்லலதான். அங்க வந்து நான் சோறு வடிச்சுக்கிட்டிருப்பேன், உள்ள அவரு இருமுவாரு, நீங்க என்னையப் பாப்பீங்க. ராத்திரி இருமுவாரு, எந்திரிச்சு உக்காந்து என்னையப் பாப்பீங்க. ஒருநாள் வயசாகிப் போயிருவாரு. அன்னைக்கும் அதே மாதிரி பாப்பீங்க. அதுக்கப்புறம் என்னால வேற எங்கயும் போக முடியாது."

சொக்கையா மெதுவாக எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். "பொண்ணு சொல்றது சரிதான்டா. எனக்கு இருமல் வேற சாஸ்தி" என்றார். சுவரை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, இறங்க மனசில்லாதவர் இறங்குவதுபோல, கம்பி எதையோ பிடிக்கிறவர் மாதிரி கையை வெறுங்காற்றில் நீட்டி நீட்டி நடந்து போனார். மூன்று பேரும் போய், ஆட்டோச் சத்தமும் போன பிறகுதான் மரகதம் ஒயரைக் கீழே வைத்தாள்.

லோகாம்பாள், "இனி உனக்குன்னு நான் யார் வாசல்லயும் போயி நிக்க மாட்டேன்" என்றாள்.

"வேணாம் மதனி. நிறைய நின்னுட்டீங்க" என்றாள் மரகதம்.

அருளப்பன் மஞ்சள் பையை மடியில் வைத்தபடியே, என்ன நடந்தது என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சந்தனமேரியக்காதான், "மரகதம், அந்தக் கண்மாய் தாண்டுற வரைக்குமாச்சும்..." என்று இழுத்தார்.

"இல்லக்கா. ஆளு வந்து கேட்டுட்டுப் போறாக. வேலை கெடக்கு."

ஆவுடை கை சும்மா இருக்கமாட்டாமல் லேப்டாப்பை எடுத்துவந்து அந்த ஒயரைச் சொருகினார். என்ன பொத்தானை அமுக்கினாரோ, இத்தனை நாளாக வராதது அன்றைக்கு முழுசாக, நேராக, சத்தத்தோடு வந்தது. ஏதோ ஊரில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. பச்சைப் புல்லில் ஆட்கள் ஓடினார்கள், நின்றார்கள், திரும்ப ஓடினார்கள். நாங்கள் மூன்றும் இரண்டுமாக உட்கார்ந்தபடியே பார்த்தோம். யாரோ நாலு அடித்தார்கள், யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவராகப் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள், எனக்கும் குடோனுக்கு நேரமாயிற்று.

போகும்போது பார்த்தேன். மரகதம் நிலைப்படியில் உட்கார்ந்து, வெங்காயக் கலர்ச் சேலை ஒன்றை மடியில் விரித்து, பாதியில் நின்றிருந்த ஊசியைக் கண்டுபிடித்து, நூல் சிக்கை மெதுவாகப் பிரித்து, சுவரிலிருந்து சிதறி வந்த பச்சை வெளிச்சத்தில் கரையை நேராக இழுத்துவிட்டுக்கொண்டு, ஃபால்ஸைத் தைக்க ஆரம்பித்திருந்தாள்.